டிஸ்ட்ரோ மாறினா ஓடாத ப்ரோக்ராம்: எரரை வெச்சு டிபென்டென்சி பிரச்சனையைப் பிடிக்கிற வழி

ஒரு மெஷின்ல நல்லா ஓடுற ப்ரோக்ராமை இன்னொரு மெஷினுக்கு தூக்கிட்டுப் போனா ஓட மாட்டேங்குது, ரெண்டும் லினக்ஸ்தான், ரெண்டும் 64 பிட்தான், ஆனா ஒண்ணு உபுண்டு இன்னொண்ணு ராக்கி, இல்லன்னா ஒண்ணு டெபியன் இன்னொண்ணு ஆல்பைன், அதாவது டிஸ்ட்ரோ (லினக்ஸோட ரகம்) வேற. இந்த மாதிரி வர்ற எரர்ல முக்கால்வாசி உங்க கோட்ல இருக்கிற தப்பு இல்ல. ப்ரோக்ராம் தான் நம்பியிருக்கிற ஒரு ஃபைலை, அதாவது டிபென்டென்சியை, தேடுது, அது கிடைக்கல, இல்லன்னா அந்தப் பேர்ல வேற வெர்ஷன் கிடைக்குது, அவ்வளவுதான் நடக்குது.

இதுல எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. எரர் எப்பவும் ஒரு ஃபைல் பேரைச் சொல்லும், நாம தேடுறது பேக்கேஜ் பேரை. பேக்கேஜ் பேரு டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும், ஃபைல் பேரு பெரும்பாலும் மாறாது. அதனால கையில பிடிச்சுக்க வேண்டியது ஃபைல் பேரை. உபுண்டுக்குன்னு யாரோ எழுதின இன்ஸ்டால் கமாண்டை ஃபெடோராவுல போட்டு "அப்படி ஒரு பேக்கேஜே இல்ல"ன்னு வந்ததும் உபுண்டு பேக்கேஜையே டவுன்லோட் பண்ணி உள்ள திணிக்கப் பாக்குறாங்க பாருங்க, அங்கதான் சின்னப் பிரச்சனை பெருசாகுது.

கமாண்டை எல்லாம் நாம வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல வழக்கம்போல ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல மூணு விஷயம் பாத்துக்கோங்க. "கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்" போட்டா டிஸ்ட்ரோ பேரும் வெர்ஷனும் வரும், அதுல "ஐடி_லைக்"னு ஒரு வரி இருந்தா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னும் தெரியும். "யூநேம் -எம்" போட்டா ப்ராசஸர் வகை. "எல்டிடி --வெர்ஷன்" போட்டா முதல் வரியில ஜிலிப்சி (கிட்டத்தட்ட எல்லா ப்ரோக்ராமும் நம்பியிருக்கிற அடிப்படை சி லைப்ரரி) வெர்ஷன் வரும், ஆல்பைனா இருந்தா அதுக்குப் பதிலா அங்க இருக்கிற மஸ்ல்னு வரும். இந்த மூணையும் ரெண்டு மெஷின்லயும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாலே பல நேரம் காரணம் புரிஞ்சிடும்.

அறிகுறி: "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்"

கூடவே ஒரு லைப்ரரி பேரு இருக்கும், உதாரணத்துக்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, அதுக்கப்புறம் "கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்"னு வரும். இந்தப் பேரை எழுத்து விடாம படிங்க. எஸ்ஓவுக்கு அப்புறம் வர்ற நம்பர் சும்மா ஒட்டின வெர்ஷன் நம்பர் இல்ல, அது ஒரு ஒப்பந்தம். 1.1னு கேட்டா 1.1தான் வேணும், 3 இருந்தா செல்லாது, உள்ள இருக்கிற ஃபங்க்ஷன், ஸ்ட்ரக்சர் எல்லாம் மாறியிருக்குன்னு சொல்றதுக்குத்தான் லைப்ரரி எழுதினவங்க அந்த நம்பரையே மாத்துறாங்க.

அடுத்து "எல்டிடி" கூட ப்ரோக்ராம் பேரைக் கொடுத்து ஓட்டுங்க, எது எது "நாட் ஃபவுண்ட்"னு வருதோ அதெல்லாம் குறிச்சுக்கோங்க, ஏன்னா எரர்ல முதல்ல சிக்கின ஒண்ணுதான் தெரியும், பின்னாடி இன்னும் நாலு இருக்கலாம். ஒரு எச்சரிக்கை, எல்டிடி சில நேரம் அந்த ப்ரோக்ராமையே ஓட்டிப் பாத்துதான் லிஸ்ட் எடுக்கும், அதனால எங்கிருந்தோ வந்த நம்பிக்கையில்லாத பைனரின்னா (கம்பைல் ஆன ப்ரோக்ராம் ஃபைல்) எல்டிடி வேண்டாம், "ஆப்ஜ்டம்ப் -பி" (பேக்கேஜோட பி) போட்டு "நீடட்"னு வர்ற வரிகளை மட்டும் பாருங்க. அது நேரடியா கேட்கிற லைப்ரரிகளை மட்டும் காட்டும், ஆனா எதையும் ஓட்டாது.

இப்ப அந்த ஃபைல் டிஸ்க்ல எங்கயாவது இருக்கான்னு பாக்கணும், "எல்டிகான்ஃபிக் -பி" (இதுவும் அதே பி) போட்டு க்ரெப் பண்ணுங்க, அதாவது அந்தப் பேர் இருக்கிற வரியை மட்டும் வடிகட்டுங்க, அதுல இல்லன்னா ஃபைண்ட் போட்டுத் தேடுங்க.

எங்கயும் இல்லன்னா எந்த பேக்கேஜ் அதைக் கொடுக்குதுன்னு ஃபைல் பேரை வெச்சே கேளுங்க. டெபியன், உபுண்டுல "ஏபிடி-ஃபைல்"னு ஒரு டூல் இருக்கு, தனியா இன்ஸ்டால் பண்ணி ஒரு தடவை அப்டேட் கொடுத்துட்டு "ஏபிடி-ஃபைல் சர்ச்" போடணும். ஃபெடோரா, ராக்கி பக்கம் "டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்" போட்டு மேற்கோளுக்குள்ள ஸ்டார், ஸ்லாஷ், ஃபைல் பேரு. ஆர்ச்ல ஒரு தடவை "பேக்மேன் -எஃப்ஒய்" (எஃப் பெரிய எழுத்து, ஒய் சின்னது) போட்டு லிஸ்ட்டை இறக்கிட்டு அப்புறம் "பேக்மேன் -எஃப்" கூட ஃபைல் பேரு. ஓப்பன்சூஸேல ஜிப்பர் சர்ச் கூட "--ப்ரொவைட்ஸ்". ஆல்பைன்ல அவங்க பேக்கேஜ் தளத்துலயே கான்டென்ட்ஸ்னு ஒரு தேடல் இருக்கு, அதுதான் வசதி. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா எந்த டிஸ்ட்ரோவுக்குப் போனாலும் பேக்கேஜ் பேரை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஆர்பிஎம் பேக்கேஜ்கள் தங்களுக்கு என்ன வேணும்னு எழுதும்போதே பெரும்பாலும் லைப்ரரி ஃபைல் பேரைத்தான் எழுதிக்கும், பில்ட் நேரத்துல அது தானாவே நடக்குது. டெப் பேக்கேஜ்ல அதே வேலை நடந்து கடைசியில பேக்கேஜ் பேரா மாத்தி எழுதப்படும். அதனாலதான் ஒரு டெப் ஃபைலை இன்னொரு டெபியன் வாரிசு டிஸ்ட்ரோவுல போடும்போது லைப்ரரி இருந்தும்கூட "இந்தப் பேர்ல பேக்கேஜ் இல்ல"ன்னு அடம் பிடிக்கும்.

ஃபைல் டிஸ்க்ல இருக்கு, ஆனாலும் கிடைக்கலன்னு சொல்லுதுன்னா லோடர் (லைப்ரரிகளைத் தேடி ப்ரோக்ராமோட சேத்து ஏத்துற பாகம்) அந்த ஃபோல்டரைப் பாக்கலன்னு அர்த்தம். சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணி "மேக் இன்ஸ்டால்" போட்டவங்களுக்கு இது அடிக்கடி வரும். டெபியன், உபுண்டுல /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கனவே லோடர் லிஸ்ட்ல இருக்கும், ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்துல சும்மா விட்டா இருக்காது. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள்ள ஒரு கான்ஃப் ஃபைல் போட்டு அந்தப் பாதையை ஒரு வரியா எழுதிட்டு ரூட்டா "எல்டிகான்ஃபிக்" ஓட்டினா சரியாயிடும். எல்டி_லைப்ரரி_பாத் வேரியபிளை வெச்சும் பண்ணலாம், ஆனா அது சோதனைக்கு மட்டும்தான், பேஷ்ஆர்சிக்குள்ள நிரந்தரமா எழுதி வெச்சீங்கன்னா ஆறு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத வேற ப்ரோக்ராம் உடையும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிடும்.

மூணாவது, ஃபைல் இருக்கு ஆனா வேற நம்பர். இதுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்தான் சரியான உதாரணம். டெபியன் 11, உபுண்டு 20.04ல இருந்தது 1.1.1, டெபியன் 12, உபுண்டு 22.04ல இருந்து 3 வரிசை. பழைய பைனரி 1.1ஐக் கேட்கும், புது மெஷின்ல 3தான் இருக்கும். அப்ப "3ஐயே 1.1னு பேர் வெச்சு ஒரு சிம்லிங்க் (வேற ஃபைலைக் காட்டுற குறுக்குவழி) போட்டா என்ன"ன்னு தோணும். போடாதீங்க. சில நேரம் வெர்ஷன் கிடைக்கலன்னு உடனே நின்னுடும், அது நல்லது. மத்த லைப்ரரிகள்ல இதே தந்திரத்தைப் பண்ணும்போது ப்ரோக்ராம் ஸ்டார்ட் ஆகி ஓடிக்கிட்டே இருந்து எங்கயோ நடுவுல தப்பான மெமரியைப் படிக்கும், அது க்ராஷ் ஆனா அதிர்ஷ்டம், தப்பான விடையைக் கொடுத்துட்டு அமைதியா போனா என்ன பண்ணுவீங்க. டிஸ்ட்ரோவே பழைய லைப்ரரியை தனி பேக்கேஜா கொடுத்தா அதை எடுங்க, ரெட் ஹாட் 9 குடும்பத்துல காம்பேட்-ஓப்பன்எஸ்எஸ்எல்11னு ஒண்ணு இருக்கு. ஆனா ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு அந்த ப்ராஜெக்ட் கொடுத்த பொது சப்போர்ட் 2023 செப்டம்பரோட முடிஞ்சிடுச்சு, அதனால நெட்வொர்க்ல பேசுற ப்ரோக்ராம்னா புது பில்ட் வாங்குறதுதான் வழி.

அறிகுறி: "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்"

இதுல நம்பர் மாறலாம், ஆனா 2.34தான் அதிகமா கண்ணுல படும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல வந்த ஜிலிப்சி 2.34ல அதுவரைக்கும் தனியா இருந்த பித்ரெட் லைப்ரரியை மெயின் லைப்ரரிக்குள்ளேயே சேத்துட்டாங்க, அதோட ப்ரோக்ராம் ஆரம்பிக்கிற இடத்துல கூப்பிடப்படுற ஃபங்க்ஷனுக்கே புது வெர்ஷன் போட்டாங்க. அதனால 2.34 இல்லன்னா அதுக்கு மேல இருக்கிற மெஷின்ல பில்ட் பண்ணின ஒரு சாதாரண ஹலோ வேர்ல்ட் கூட பழைய மெஷின்ல ஓடாது.

கணக்கு ரொம்ப எளிது, பழைய ஜிலிப்சில பில்ட் பண்ணினது புதுசுல ஓடும், புதுசுல பில்ட் பண்ணினது பழசுல ஓடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. சென்ட்ஓஎஸ் 7ல 2.17, ரெட் ஹாட் 8 குடும்பத்துல 2.28, டெபியன் 11, உபுண்டு 20.04 ரெண்டுலயும் 2.31, ரெட் ஹாட் 9 குடும்பத்துல 2.34, உபுண்டு 22.04ல 2.35, டெபியன் 12ல 2.36, உபுண்டு 24.04ல 2.39. உங்க பைனரி அதிகபட்சமா எதைக் கேட்குதுன்னு பாக்க "ஆப்ஜ்டம்ப் -டி" போடுங்க, டி பெரிய எழுத்து, டேபிளோட டி, டெல்லியோட டி இல்ல, வர்றதுல ஜிலிப்சி_ன்னு இருக்கிறதை க்ரெப் பண்ணி "சார்ட் -வி" (இந்த வியும் பெரிய எழுத்து) கொடுத்தா கடைசியில நிக்கிறதுதான் உங்க குறைஞ்சபட்ச தேவை.

தீர்வுன்னு பாத்தா, அந்த ப்ரோக்ராமுக்கே பழைய டிஸ்ட்ரோவுக்கான பில்ட் இருக்கான்னு பாருங்க, நிறைய ப்ராஜெக்ட் மஸ்ல் வெச்சு ஸ்டாட்டிக்கா (லைப்ரரியெல்லாம் ஃபைலுக்குள்ளேயே சேத்து) பில்ட் பண்ணின ஒரு ஃபைலும் கொடுப்பாங்க, அது ஜிலிப்சியையே கேட்காது. சோர்ஸ் கையில இருந்தா அந்தப் பழைய மெஷின்லயே, இல்லன்னா அதே டிஸ்ட்ரோ கன்டெய்னருக்குள்ள (ஒரு டிஸ்ட்ரோவோட ஃபைலை எல்லாம் தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி) பில்ட் பண்ணுங்க. சோர்ஸும் இல்லன்னா பாட்மேன் இல்ல டிஸ்ட்ரோபாக்ஸ் வெச்சு புது டிஸ்ட்ரோவை கன்டெய்னரா ஏத்தி அதுக்குள்ள ஓட்டுங்க, கன்டெய்னர் தன்னோட ஜிலிப்சியை தானே கொண்டு வரும், வெளிய இருக்கிறதைத் தொடாது.

எதைப் பண்ணக்கூடாதுன்னா, புது லிப்சி.எஸ்ஓ.6ஐ எங்கிருந்தாவது எடுத்து சிஸ்டம் ஃபோல்டர்ல போடுறது. இதை நான் பண்ணியிருக்கேன். 2.28 இருந்த சர்வர் அது, ஒரு டூலுக்கு 2.31 கேட்டுச்சு, வேற மெஷின்ல இருந்து ஃபைலைக் கொண்டு வந்து லிப்சி.எஸ்ஓ.6ங்கிற லிங்க்கை அதுக்குத் திருப்பி விட்டேன். எண்டர் தட்டின அடுத்த நொடியில இருந்து எல்எஸ் போட்டா "ரீலொகேஷன் எரர்", சிபி போட்டா அதே, எம்வி போட்டா அதே, ஏன்னா லோடர் பழசு, லிப்சி புதுசு, ரெண்டும் ஒரே பில்ட்ல இருந்து வந்த ஜோடியா இருந்தாதான் பேசிக்கும். புதுசா எஸ்எஸ்ஹெச்ல உள்ள வரவும் முடியல. திறந்திருந்த ரூட் ஷெல் ஒண்ணுதான் மிச்சம், அதுல பேஷுக்கு உள்ளேயே இருக்கிற எக்கோ, சிடி மாதிரி கமாண்ட் மட்டும்தான் வேலை செஞ்சுது. பழைய ஃபைல் லிப்சி-2.28.எஸ்ஓங்கிற பேர்ல அங்கேயே இருந்ததால, எல்டி_ப்ரீலோட் வேரியபிள்ல அதோட முழுப் பாதையையும் கொடுத்து அதே வரியில "எல்என் -எஸ்எஃப்" போட்டு லிங்க்கைப் பழையபடி திருப்பினேன், அந்த ஒரு கமாண்ட் ஓடினதும் எல்லாம் திரும்பி வந்துச்சு. அந்த ஷெல்லை மூடியிருந்தா லைவ் யூஎஸ்பில பூட் பண்றதைத் தவிர வழி இல்ல, சுடோவும் உதவாது, சுடோவே அந்த லிப்சியை நம்பித்தான் ஓடுது, போதாததுக்கு சுடோ மாதிரி செட்யூஐடி ப்ரோக்ராமுக்கு (ஓட்டுறவரோடது இல்லாம ஃபைல் ஓனரோட உரிமையில ஓடுறது) எல்டி_ப்ரீலோட்ல இப்படிப் பாதை கொடுத்தா லோடர் கண்டுக்காது. இதுல இன்னொரு விஷயமும் கவனிக்கணும், 2.34ல இருந்து லிப்சி.எஸ்ஓ.6ங்கிறது லிங்க் இல்ல, அதுவே நிஜ ஃபைல், அதனால மேல எழுதிட்டீங்கன்னா பழசுன்னு ஒண்ணு மிச்சமே இருக்காது.

இதோட சொந்தக்கார எரர் ஒண்ணு இருக்கு, "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்". இது சி++ லைப்ரரி, 3.4.30ன்னா ஜிசிசி 12. இதுல மட்டும் ஒரு தடவை நின்னு பாருங்க, சிஸ்டம்ல சரியான வெர்ஷன் இருந்தும் கான்டா (பைதான் பேக்கேஜ்களைத் தனி ஃபோல்டர்ல வெச்சு நிர்வகிக்கிற டூல்) என்விரான்மென்ட் கொண்டு வந்த பழைய லைப்ரரி முன்னாடி வந்து நிக்கிறது ரொம்ப சகஜம். எல்டிடி காட்டுற பாதையில கான்டா ஃபோல்டர் பேரு தெரிஞ்சா அந்த என்விரான்மென்ட்குள்ள லைப்ரரியை அப்டேட் பண்ணணும், சிஸ்டத்தைத் தொடக்கூடாது.

அறிகுறி: ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஓட்டினா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

புதுசா வர்றவங்களை ரொம்பக் குழப்புறது இதுதான். எல்எஸ் போட்டா ஃபைல் இருக்கு, பெர்மிஷன் இருக்கு, ஓட்டினா இல்லங்குது. இல்லன்னு சொல்றது உங்க ஃபைலை இல்ல, அந்த ஃபைலுக்குள்ள எழுதியிருக்கிற லோடரை. "ஃபைல்"னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை ஓட்டினா "இன்டர்ப்ரெட்டர்"னு ஒரு பாதை வரும், ஜிலிப்சி மெஷின்ல பில்ட் பண்ணினதா இருந்தா /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2. ஆல்பைன்ல அந்தப் பேர்ல எதுவும் கிடையாது, அங்க மஸ்லோட லோடர் வேற பேர்ல /லிப்ல இருக்கும். அதனால கெர்னல் "அந்த லோடரைக் காணோம்"னு சொல்றது நம்ம கண்ணுக்கு "உன் ப்ரோக்ராமைக் காணோம்"னு தெரியுது.

ஆல்பைன்ல சின்ன ப்ரோக்ராம்னா "ஜிகாம்பேட்"னு ஒரு பேக்கேஜ் இருக்கு, போட்டுப் பாருங்க, ஓடினா சரி, ஓடலன்னா அதோட மல்லுக்கட்டாம டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறிடுங்க, இமேஜ் கொஞ்சம் பெருசாகும், ஆனா உங்க ராத்திரி மிச்சம். நிக்ஸ்ஓஎஸ்லயும் இதே பிரச்சனைதான் வரும், அங்க நிக்ஸ்-எல்டி உதவும்.

இன்டர்ப்ரெட்டர்ல 64ங்கிற நம்பரே இல்லாம /லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2ன்னு வந்தா அது 32 பிட் ப்ரோக்ராம். டெபியன், உபுண்டுல "டிபிகேஜி --ஆட்-ஆர்கிடெக்சர் ஐ386" போட்டு அப்டேட் பண்ணிட்டு லிப்சி6:ஐ386 போடணும், ஃபெடோராவுல ஜிலிப்சி.ஐ686, ஆர்ச்ல பேக்மேன்.கான்ஃப்ல மல்டிலிப் பகுதியைத் திறந்து விடணும்.

ஸ்கிரிப்டா இருந்தா முதல் வரியைப் பாருங்க. ஆல்பைன்ல பேஷ் சும்மா வராது, ஏபிகேல போட்டாதான் உண்டு. விண்டோஸ்ல எடிட் பண்ணின ஸ்கிரிப்ட்னா வரி முடிவுல ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கிட்டு வரும், "டாஸ்2யூனிக்ஸ்" போட்டா போயிடும். "எக்ஸெக் ஃபார்மட் எரர்"னு வந்தா பெரும்பாலும் ஏஆர்எம் மெஷின்ல எக்ஸ்86 பைனரி, இல்ல அதுக்கு உல்டா.

அறிகுறி: கம்பைல் பண்ணும்போது ஹெடர் ஃபைல் காணோம்

ஓப்பன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.ஹெச் இல்ல, பைதான்.ஹெச் இல்லன்னு வரும், இதெல்லாம் லைப்ரரியில என்ன இருக்குன்னு கம்பைலருக்குச் சொல்ற ஹெடர் ஃபைல். லைப்ரரி போட்டிருக்கேனேன்னு நினைப்பீங்க, போட்டிருப்பீங்கதான், ஆனா ஓட்டுறதுக்கு வேணுங்கிறது வேற பேக்கேஜ், பில்ட் பண்ண வேணுங்கிறது வேற பேக்கேஜ். டெபியன்ல லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோராவுல ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல், ஆல்பைன்ல ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ், ஆர்ச்ல பிரிக்கவே மாட்டாங்க, ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டாலே ஹெடரும் வந்துடும். கம்பைலர் கூட்டத்துக்கும் இதே கதை, டெபியன்ல பில்ட்-எசென்ஷியல், ஆர்ச்ல பேஸ்-டெவல், ஆல்பைன்ல பில்ட்-பேஸ், ஃபெடோராவுல டெவலப்மென்ட்-டூல்ஸ்ங்கிற க்ரூப்.

இங்கயும் ஹெடர் பேரை வெச்சு ஏபிடி-ஃபைல், டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்ல தேடுங்க. பில்ட் ஸ்கிரிப்ட் பேக்கேஜ்-கான்ஃபிக் (பிகேஜி-கான்ஃபிக்னு அடிக்கணும், லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்ற டூல்) மூலமா கேட்குதுன்னா எரர்ல ஒரு சின்னப் பேரு வரும், அது பெரும்பாலும் எந்த டிஸ்ட்ரோவுலயும் ஒண்ணுதான், அந்தப் பேரோட .பிசின்னு முடியுற ஃபைலைத் தேடினா போதும். ஃபெடோரா பக்கம் இன்னும் வசதி, டிஎன்எஃப் இன்ஸ்டால் கூட பிகேஜிகான்ஃபிக்னு எழுதி அடைப்புக்குள்ள அந்தப் பேரையே கொடுத்தா அதுவே சரியான பேக்கேஜை எடுத்துக்கும்.

ராக்கி, அல்மா பக்கம் டெவல் பேக்கேஜ் பேரைச் சரியா கொடுத்தும் இல்லன்னு வருதா? அது சிஆர்பிங்கிற ரெப்போவுல (பேக்கேஜ்களை இறக்கிக்கிற கிடங்கு) இருக்கலாம், சும்மா அது ஆஃப்ல இருக்கும். 9ல பேரு சிஆர்பி, 8ல பவர்டூல்ஸ். டிஎன்எஃப் கான்ஃபிக்-மேனேஜர்ல எனேபிள் பண்ணிட்டு மறுபடி தேடுங்க. ஈபெல்ங்கிற கூடுதல் ரெப்போவோட பேக்கேஜ்களும் நிறைய இதை நம்பியிருக்கும், அதனால ஈபெல் போட்டா இதையும் சேத்துத் திறந்துடுங்க.

அறிகுறி: "அன்மெட் டிபென்டென்சீஸ்", "ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்"

ஏபிடி இதைச் சொன்னா உடனே ஃபோர்ஸ் ஆப்ஷன் தேடாதீங்க. அது என்ன சொல்லுதுன்னா "நீ கேட்கிறது எல்லாத்தையும் ஒரே நேரத்துல திருப்திப்படுத்துற மாதிரி ஒரு செட் என்கிட்ட இல்ல". முதல்ல "ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்", நீங்களோ வேற யாரோ எதையாவது பிடிச்சு வெச்சிருக்கலாம். அப்புறம் சண்டை போடுற பேக்கேஜ் ஒவ்வொண்ணுக்கும் "ஏபிடி-கேஷ் பாலிசி" போடுங்க, இன்ஸ்டால் ஆகியிருக்கிற வெர்ஷன் எந்த ரெப்போவுல இருந்து வந்ததுன்னு தெரியும். இன்ஸ்டால் ஆன வெர்ஷனுக்குக் கீழ டிபிகேஜி ஸ்டேட்டஸ் ஃபைல் மட்டும்தான் தெரியுது, எந்த ரெப்போவும் இல்லன்னா அது அனாதை, எப்பவோ போட்ட பிபிஏ (உபுண்டுக்கு வெளியாள் வெச்சிருக்கிற ரெப்போ), இல்லன்னா கையால போட்ட டெப். நான் பாத்த வரைக்கும் முடிச்சு அங்கதான் இருக்கும். பேக்கேஜ் பேரு, சமக்குறி, ரெப்போவுல இருக்கிற வெர்ஷன்னு கொடுத்து அதைக் கீழ இறக்கினா மத்ததெல்லாம் தானா அவிழும், பிபிஏன்னா பிபிஏ-பர்ஜ் இருக்கு.

டெப் ஃபைல் போடும்போது டிபிகேஜி -ஐ வேண்டாம், அது டிபென்டென்சியைக் கொண்டு வராது. "ஏபிடி இன்ஸ்டால்" கூட புள்ளி, ஸ்லாஷ், ஃபைல் பேரு கொடுங்க. அது கேட்கிற கேள்வியைப் படிக்காம ஒய் அடிக்காதீங்க, "தி ஃபாலோயிங் பேக்கேஜஸ் வில் பி ரிமூவ்ட்"னு கீழ டெஸ்க்டாப்பையே எடுக்கப்போற லிஸ்ட் இருக்கலாம்.

டெபியன்ல உபுண்டு ரெப்போவைச் சேக்காதீங்க, ஸ்டேபிள்ல டெஸ்டிங் ரெப்போவைச் சேக்காதீங்க. ஒரே ஒரு புது பேக்கேஜுக்காக சேப்பீங்க, அது ஜிலிப்சியை மேல இழுக்கும், ஜிலிப்சி மேல போனா திரும்பி வர்றது கஷ்டம். புது வெர்ஷன் வேணும்னா டெபியன்ல பேக்போர்ட்ஸ் இருக்கு, ஸ்டேபிள் மேலயே பில்ட் பண்ணினது.

உபுண்டு 24.04ல பழைய ஸ்கிரிப்ட் ஓட்டினா லிப்அசவுண்ட்2 மாதிரி பேருக்கு "நோ இன்ஸ்டாலேஷன் கேண்டிடேட்"னு வரும். 2038ல நேரக் கணக்கு நிரம்பிடக்கூடாதுன்னு 32 பிட் மெஷின்கள்ல டைம் டைப்பை 64 பிட்டா மாத்தினாங்க, அதுக்காக நிறைய லைப்ரரி பேக்கேஜுக்குப் பின்னாடி டி64ன்னு சேத்தாங்க, 64 பிட் மெஷின்லயும் அதே பேருதான். அதனால லிப்அசவுண்ட்2டி64, லிப்ஃப்யூஸ்2டி64ன்னு கொடுத்துப் பாருங்க. லிப்ஃப்யூஸ்னதும் ஞாபகம் வருது, ஆப்இமேஜ் (இன்ஸ்டால் பண்ணாம ஒரே ஃபைலா ஓட்டுற ப்ரோக்ராம்) ஓட்டும்போது லிப்ஃப்யூஸ்.எஸ்ஓ.2 இல்லன்னு வந்தா அந்த லைப்ரரியை மட்டும் போடுங்க, உபுண்டு 22.04லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் "ஃப்யூஸ்"ங்கிற பேக்கேஜைப் போட்டீங்கன்னா ஃப்யூஸ்3ஐயும் அதை நம்பியிருக்கிற டெஸ்க்டாப் பாகங்களையும் கழட்டிடும்.

ஆர்ச்ல இதே நோய் வேற ரூபத்துல வரும். "பேக்மேன் -எஸ்ஒய்" போட்டு ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் இன்ஸ்டால் பண்ணுவாங்க, அது புது லைப்ரரிக்கு எதிரா பில்ட் ஆனது, மெஷின்ல மத்ததெல்லாம் பழசு, உடனே ஷேர்ட் லைப்ரரி எரர். ஆர்ச்ல பாதி அப்டேட்டுக்கு சப்போர்ட்டே கிடையாது, எப்பவும் "-எஸ்ஒய்யூ"தான், எஸ் மட்டும் பெரிய எழுத்து. ரொம்ப நாள் கழிச்சு பண்றீங்க, சிக்னேச்சர் எரர் வருதுன்னா ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கை முதல்ல ஏத்திட்டு உடனே முழு அப்டேட். அப்படியும் ஏயூஆர்ல (ஆர்ச் யூசர்கள் போடுற பில்ட் ஸ்கிரிப்ட் தளம்) இருந்து பில்ட் பண்ணினது மட்டும் உடைஞ்சிருந்தா அதை ரீபில்ட் பண்ணணும், அதுங்க தானா ரீபில்ட் ஆகாது.

ஃபெடோராவுல "நத்திங் ப்ரொவைட்ஸ்"னு வந்தா பெரும்பாலும் வேற வெர்ஷன் ஃபெடோராவுக்கு பில்ட் பண்ணின ஆர்பிஎம். அப்க்ரேட் பாதியில கலந்து போச்சுன்னா "டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்".

அறிகுறி: பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு நிறுத்துது

டெபியன் 12, உபுண்டு 23.04ல இருந்து இப்படித்தான், ஆர்ச்லயும் உண்டு. சிஸ்டம் பைதானை டிஸ்ட்ரோவோட சொந்த டூல்கள் பயன்படுத்துது, அங்க பைதான் பேக்கேஜ் போடுற பிப் போய் வெர்ஷனை மாத்தினா அதுங்க உடையும், அதனாலதான் தடுக்கிறாங்க. "--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அந்தப் பேரே அது என்ன பண்ணும்னு சொல்லிடுது. ப்ராஜெக்ட்டுக்கு விஇஎன்வி (சிஸ்டத்தைத் தொடாத தனி பைதான் ஃபோல்டர்), கமாண்டா ஓட்டுற டூலுக்கு பிப்எக்ஸ். டெபியன், உபுண்டுல பைதான்3-விஇஎன்வின்னு தனி பேக்கேஜ் போட்டாதான் விஇஎன்வி முழுசா உருவாகும். டிஸ்ட்ரோ வெர்ஷனை அப்க்ரேட் பண்ணினதும் பழைய விஇஎன்வி உடைஞ்சா ரிப்பேர் பண்ணாதீங்க, டெலீட் பண்ணிட்டு ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல இருந்து புதுசா போடுங்க.

ஆல்பைன்ல பிப் போட்டா ஒரு பேக்கேஜுக்கே ரொம்ப நேரம் ஓடி, ஜிசிசி இல்லன்னு எரர் கொடுக்கும். மெனிலினக்ஸ்னு பேரு இருக்கிற ரெடிமேட் வீல் (முன்னாடியே பில்ட் பண்ணின பைதான் பேக்கேஜ்) எல்லாம் ஜிலிப்சிக்கானது, மெனிலினக்ஸ்2014ன்னா ஜிலிப்சி 2.17 இல்லன்னா அதுக்கு மேல வேணும். மஸ்லுக்கு மஸ்ல்லினக்ஸ்ங்கிற தனி பேரை 2021ல கொண்டு வந்தாங்க, அந்தப் பேர்ல வீல் போடாத பேக்கேஜுக்கு பிப் சோர்ஸை இறக்கி உங்க மெஷின்லயே கம்பைல் பண்ணப் பாக்கும். நீங்க பயன்படுத்துற பேக்கேஜ்ல ரெண்டு மூணு இப்படி இருந்தா டாக்கர் இமேஜை ஆல்பைன்ல இருந்து டெபியன் ஸ்லிம்முக்கு மாத்துறதே நல்லது.

அறிகுறி: ரெப்போவே 404

சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, மிரர் லிஸ்ட் வேலை செய்யாது, பழைய பேக்கேஜ் எல்லாம் வால்ட் சர்வர்ல இருக்கு. டெபியனுக்கு ஆர்கைவ் சர்வர், உபுண்டுக்கு ஓல்ட்-ரிலீசஸ். எல்டிஎஸ் இல்லாத உபுண்டுக்கு 9 மாசம்தான் ஆயுசு, அதை சர்வர்ல போட்டுட்டு மறந்தவங்களுக்கு இது வரும். முகவரியை மாத்தினா இன்ஸ்டால் ஆகும், செக்யூரிட்டி அப்டேட் வராது, டேட்டாவை வெளிய எடுக்கிற வரைக்கும் மட்டும் இதை வெச்சுக்கோங்க.

நீங்களே ப்ரோக்ராம் எழுதி மத்தவங்களுக்குக் கொடுக்கிறவங்களா இருந்தா

மேல சொன்னதுல பாதியை உங்க யூசர் அனுபவிக்காம பண்றது உங்க கையில இருக்கு. நீங்க சப்போர்ட் பண்ற டிஸ்ட்ரோக்கள்ல எது பழசோ அந்த கன்டெய்னர்ல பில்ட் பண்ணுங்க, உங்க புது லேப்டாப்ல இல்ல. ரீட்மீல உபுண்டு கமாண்ட் ஒண்ணை மட்டும் எழுதி விட்டுடாதீங்க, தேவைப்படுற லைப்ரரி ஃபைல் பேரையும் பேக்கேஜ்-கான்ஃபிக் பேரையும் எழுதுங்க, எந்த டிஸ்ட்ரோக்காரரும் அதை வெச்சுத் தேடிக்குவாங்க. ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி பைனரி இருக்கிற ஃபோல்டரை மவுன்ட் பண்ணி டெபியன் 12, ராக்கி 8, ஃபெடோரா, ஆல்பைன்னு நாலு சுத்தமான கன்டெய்னர்ல "--வெர்ஷன்" மட்டும் ஓட்டிப் பாருங்க, ஒரு ஃபார் லூப்ல ரெண்டு நிமிஷ வேலை. சுத்தமானதா இருக்கணும், ஏன்னா உங்க மெஷின்ல நீங்க எப்பவோ போட்ட டெவல் பேக்கேஜ் எல்லாம் இருக்கும், அதுங்க இருக்கிற வரைக்கும் எந்த லைப்ரரி விட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.